வீட்டில் இருந்து நவீன கேத்திரகணிதம்: பாடமும் கடதாசியும் எந்த வரிசையில்?

ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளம் சந்திக்கு வந்து, அங்கே ஏ9 வீதியில் வவுனியா பஸ்ஸுக்காக நான் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு மாதம் தேறும். அதில் பாதிக்கு மேல் வீண் அலைச்சல். கணிதத்தில் பட்டம் முடித்துவிட்டு, பின்னேரங்களில் இணைந்த கணிதம் ரியூஷன் கொடுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் கேத்திரகணிதம் படித்து வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று இறங்கினேன். படிப்பிலும் கடதாசி வேலையிலும் ஒரே பிழையைத்தான் விட்டேன்: கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தேன். முதல் வருட விண்ணப்பம் அதனால் போனது. இரண்டாம் வருடம் சரிவந்தது. வன்னியில் என்னைப்போல இன்னொருவர் இதே ஆசையோடு இருந்தால், அவருக்கு ஒரு வருடமாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்த வாசலால் போகப் போகிறீர்கள்?

நவீன கேத்திரகணிதம் என்று தனியாக ஒரு பாடம் இல்லை. மூன்று வாசல்கள் உண்டு. வகையீட்டைப் பிடித்துக்கொண்டு வளைந்த மேற்பரப்புகளுக்குள் போவது ஒன்று. ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் இந்த வழியில்தான் இருக்கிறது. இழுத்தாலும் நசித்தாலும் மாறாத குணங்களைப் பார்க்கும் இடத்தியல் இன்னொன்று. பல்லுறுப்பிச் சமன்பாடுகளை உருவங்களாகப் பார்ப்பது மூன்றாவது. அங்கே அட்சரகணிதம் பலமாக வேண்டும்.

என் ஆலோசனை, முதல் வாசல். கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பொருட்களோடு தொடங்குவது அது மட்டும்தான். மற்ற இரண்டுக்கும் பிறகு அங்கிருந்தே வழி பிரியும்.

கவனம்: இழைக் கொள்கை (துணிக்கைகளைச் சிறு இழைகளாகப் பார்க்கும் பௌதிகக் கொள்கை), பதினொரு பரிமாணம் என்று யூடியூப்பில் ஓடும் படங்களோடு தொடங்காதீர்கள். நான் எட்டு மாதம் அதைத்தான் பார்த்தேன். அந்த எட்டு மாத முடிவிலும் ஒரு கோளத்தின் வளைவைக் கையால் கணிக்க எனக்குத் தெரியாது. பார்த்தது விளங்கின மாதிரி இருக்கும். பேனையை எடுத்தால்தான் விளங்கவில்லை என்பது விளங்கும்.

2. அடித்தளம்: தாயத்தை (matrix) திரும்பப் படியுங்கள் (சுமார் 6 மாதம்)

பட்டம் முடித்தவர்கள் கோபிக்க வேண்டாம். பரீட்சைக்குப் படித்த ஏகபரிமாண அட்சரகணிதம் இங்கே போதாது. உங்களையே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாயத்துக்கும் அது குறிக்கும் உருமாற்றத்துக்கும் என்ன வித்தியாசம்? ஆள்கூறுகளை மாற்றினால் எது மாறும், எது மாறாது? ஒரு காவியை (vector) வாங்கி ஓர் எண்ணைத் திருப்பித் தரும் பொருள் ஏன் காவி இல்லை? இந்த மூன்றையும் உங்கள் ரியூஷன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் மாதிரி ஒரு பக்கத்தில் எழுத முடிந்தால் அடுத்த படிக்குப் போங்கள். நான் முதல் தடவை எழுதியது அரைப் பக்கம். அதிலும் பாதி பிழை.

இதற்குக் காசு தேவையில்லை. எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் திறந்த பாடத்திட்டத்தில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய ஏகபரிமாண அட்சரகணித வகுப்புகள் முழுவதும் இலவசமாக இருக்கின்றன. இந்தியாவின் என்.பி.டி.இ.எல். பாடங்களும் அப்படித்தான், அந்த ஆங்கிலம் நம் காதுக்குக் கொஞ்சம் பழக்கமானது. இரவு நேர டேட்டாவில் பதிவிறக்கி வைத்துவிட்டு, கரண்ட் போனாலும் பார்க்கும்படி ஃபோனில் போட்டுக்கொள்ளுங்கள்.

அதோடு பல மாறிகளின் நுண்கணிதம் இரண்டு மாதம், குரூப் கொள்கை கொஞ்சம். குரூப் என்ற சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம். சுழற்சிகளைப் போல, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவும் திருப்பிச் செய்யவும் கூடிய வேலைகளின் கூட்டம்தான் அது. ஒரு கொப்பியை எடுங்கள். புத்தகம் என்றால் இன்னும் நல்லது.

மேசையில் அட்டை மேலே தெரிய, முதுகு இடப்பக்கம் இருக்க, வாசிக்கிற மாதிரியே வையுங்கள். முதலில், அட்டை உங்களைப் பார்க்கும்படி மேல் விளிம்பைத் தூக்கி நிமிர்த்துங்கள். பிறகு, மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்று திருப்புங்கள். புத்தகம் நிமிர்ந்து நிற்கும், அட்டை வலப்பக்கம் பார்க்கும். இப்போது பழையபடி வைத்து, வரிசையை மாற்றிச் செய்யுங்கள்: முதலில் கால் சுற்று, பிறகு அட்டை உங்களைப் பார்க்கும்படி தூக்குதல். புத்தகம் இப்போது முதுகில் நிற்கும், அட்டை உங்களைப் பார்க்கும். செய்தது அதே இரண்டு வேலைகள்தான், முடிவு வேறு.

இந்த வித்தியாசத்தை மிகச் சிறிய கோணங்களுக்கு எழுதிப் பாருங்கள். x அச்சுச் சுழற்சியையும் y அச்சுச் சுழற்சியையும் வரிசை மாற்றிச் செய்யும்போது மிஞ்சும் வித்தியாசம் z அச்சில் ஒரு சிறு சுழற்சி. உயர்தரத்தில் செய்த காவிப் பெருக்கம்தான் அது, வேறு உடுப்பில் வந்திருக்கிறது. இலத்திரனின் சுழற்சிக்குக் குவாண்டம் பௌதிகத்தில் எழுதும் சமன்பாட்டின் எலும்பும் அதுவே. கேத்திரகணிதம், அட்சரகணிதம், பௌதிகம் மூன்றும் சந்திக்கும் இடத்தை ஒரு கொப்பியை வைத்தே தொட்டுவிடலாம். இந்த ஒரு கணக்கை மூன்று நாள் எடுத்தாவது கையால் செய்து முடியுங்கள். பிறகு எங்கே போனாலும் இது திரும்ப வரும்.

3. மேற்பரப்புகள்: வீட்டுச் சாமான்களோடு (5 மாதம்)

இந்தக் கட்டத்துக்குப் பலரும் எடுப்பது டோ கார்மோவின் வளையிகளும் மேற்பரப்புகளும் பற்றிய பாடநூல். டோவர் பதிப்பு மற்றப் பாடநூல்களோடு ஒப்பிட்டால் மலிவு, ஆனால் தபால் செலவு புத்தக விலையோடு போட்டி போடும். கொழும்புக்குப் போகிற ஆளிடம் சொல்லிவைப்பது அல்லது வெளிநாட்டில் இருந்து வரும் சொந்தக்காரரிடம் கேட்பது உத்தமம். எங்கள் ஆட்கள் சொக்லேட் கொண்டுவருவார்கள். அதற்குப் பதிலாகப் புத்தகம் கேளுங்கள், ஒருதரும் மாட்டேன் என்று சொல்வதில்லை.

படிக்கும்போது இந்த மூன்றையும் உண்மையாகவே செய்யுங்கள்.

ஓலைப் பாய்: சுருட்டலாம், ஆனால் ஒரு தோடம்பழத்தை மடிப்பு விழாமல் அதனால் மூட முடியாது. சுருட்டிய பாய் வெளியே பார்க்க வளைந்திருந்தாலும், அதன்மேல் ஊரும் எறும்புக்கு அது தட்டைதான். உருளையின் காஸ் வளைவு பூச்சியம், R ஆரையுள்ள கோளத்தின் வளைவு 1/R². மேற்பரப்பை விட்டு வெளியே வராமலே, அதன்மேல் தூரங்களை மட்டும் அளந்து இந்த எண்ணைக் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் முழுப் பாடத்தின் திறப்பு.

தோடம்பழமும் ஈர்க்குத் துண்டும்: பழத்தின் நடுக்கோட்டில், காம்பைப் பார்க்கும்படி ஈர்க்கை வையுங்கள். திருப்பாமல், நடுக்கோடு வழியே கால் சுற்றுத் தூரம் நகர்த்துங்கள். அங்கிருந்து நேரே காம்புக்கு ஏற்றுங்கள். காம்பில் இருந்து, புறப்பட்ட இடத்துக்கு நேரே இறக்குங்கள். ஒரு இடத்திலும் ஈர்க்கைத் திருப்பவில்லை, ஆனால் காம்பைப் பார்த்துப் புறப்பட்டது இப்போது பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு வந்து சேரும். 90 பாகை திரும்பியிருக்கும். நீங்கள் சுற்றிவந்த முக்கோணத்தின் மூன்று கோணமும் செங்கோணம். கூட்டினால் 270, வழமையான 180ஐ விட 90 கூட. ஆரை 1 என்றால் அந்த முக்கோணத்தின் பரப்பு கோளத்தின் எட்டில் ஒன்று, அதாவது π/2. அதுவும் 90 பாகைதான். மூன்று வழியால் போனாலும் ஒரே எண். நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது, "சாப்பாட்டுச் சாமானோட என்ன விளையாட்டு?" என்று அம்மா பழத்தைப் பறித்து உரித்துவிட்டார். அதற்குள் விடை கிடைத்திருந்தது.

உழுந்து வடை: வெளிப்பக்கம் வளைவு நேர், ஓட்டைப்பக்கம் மறை. முழுவதையும் தொகையிட்டால் பூச்சியம். கோளத்துக்கு அதே தொகையீடு 4π. வடையை நசித்தாலும் இழுத்தாலும் அந்தப் பூச்சியம் மாறாது. ஓட்டையை அடைத்தால்தான் மாறும். இடத்தியலுக்கு இதுதான் வாசற்படி.

கவனம்: சொற்கள். பள்ளிக்கூடத்தில் காவி, தாயம், துணிகோவை என்று படித்தோம். இந்தியத் தமிழ்ப் புத்தகத்தில் அதே பொருட்கள் திசையன், அணி, அணிக்கோவை. மேலே போனால் எல்லாம் ஆங்கிலம். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். நேர்முகத்தில் சொல் தடுமாறினால் கணிதமே தெரியாத மாதிரி ஆகிவிடும்.

4. பௌதிகத்தோடு சேரும் இடம் (6 மாதம், இங்கே அவசரப்படாதீர்கள்)

இதுதான் நான் அதிகம் திண்டாடிய கட்டம், அதிகம் ரசித்ததும். மனிஃபோல்ட் (எத்தனை பரிமாணத்திலும் வரக்கூடிய மேற்பரப்பு), வகையீட்டு வடிவம், இணைப்பு, வளைவு என்று நான்கு சொற்கள் வரும். இணைப்பு என்பது ஈர்க்கைத் திருப்பாமல் நகர்த்துவதற்கான விதி. ஒரு சிறு வட்டம் சுற்றி வந்தால் எவ்வளவு திரும்பியிருக்கும் என்பதே வளைவு. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும்.

பௌதிகர்கள் இதே இரண்டுக்கும் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். மின்காந்தவியலில் அழுத்தம் என்று எழுதும் A ஓர் இணைப்பு. புலம் என்று எழுதும் F அதன் வளைவு. F = dA என்று எழுதினால் (d ஒருவகை வகையீடு, இரண்டு தடவை செய்தால் பூச்சியம்) dF = 0 என்பது இலவசமாக வருகிறது; மக்ஸ்வெல்லின் நான்கு சமன்பாடுகளில் இரண்டு அந்த ஒரு வரிக்குள் அடங்கும். ஒளிக்கு இதுவே போதும், ஏனென்றால் அதன் பின்னால் உள்ள சுழற்சிகள் ஒரே தளத்தில் நடப்பவை, வரிசை மாறினாலும் விடை மாறாது. 1954இல் யாங், மில்ஸ் என்ற இரண்டு பௌதிகர்கள் கொப்பியைச் சுழற்றுகிற மாதிரியான, வரிசை முக்கியமான சுழற்சிகளை வைத்து எழுதினார்கள். அப்போது F = dA + A∧A என்று ஓர் உறுப்புக் கூடுகிறது. அந்தக் கூடுதல் உறுப்பால்தான், ஒளி ஒளியோடு மோதாமல் போக, அணுக்கருவுக்குள் குவார்க்குகளை ஒட்டிவைக்கும் குளுவோன்கள் ஒன்றோடொன்று தாக்கம் புரிகின்றன. மேசையில் முதுகில் நின்ற கொப்பி நினைவிருக்கிறதா?

இன்னொரு சாமான், கச்சான் சரை. ஒரு வட்டக் கடதாசியில் கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு ஓரங்களை ஒட்டினால் சரை வரும். ஒட்டுமுன், தட்டையாக இருக்கும்போதே, ஒரு வெட்டு விளிம்பில் இருந்து மற்ற விளிம்பு வரை ஒரே திசையைப் பார்க்கும் அம்புக்குறிகளைப் போடுங்கள். ஒட்டியதும் முதல் அம்பும் கடைசி அம்பும் 90 பாகையில் முட்டிக்கொள்ளும். சரையின் பக்கம் எங்கும் தட்டை, வளைவு முழுவதும் நுனியில். நுனியைத் தொடாமலே சுற்றிவந்த அம்புக்கு அது தெரிந்துவிடுகிறது. காந்தப்புலமே இல்லாத இடத்தால் சுற்றிப் போகும் இலத்திரன், நடுவில் அடைபட்டிருக்கும் காந்தப்புலத்தை உணர்வது இதே கதைதான். அகரோனோவ், போம் என்ற பௌதிகர்கள் இதை 1959இல் எழுதினார்கள்; டோனோமுராவின் குழு 1986இல் ஐயமில்லாமல் பரிசோதித்துக் காட்டியது. மாங்குளம் சந்தியில் கச்சான் தின்று முடித்த பிறகு அந்தக் கடதாசியை எறியாமல் விரித்துப் பார்த்த நாளில்தான் எனக்கு இது பிடிபட்டது.

பொதுச் சார்பியலுக்கு ஷோன் கரோலின் விரிவுரைக் குறிப்புகள் ஆர்க்கைவ் (arXiv) என்ற ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் 1997இல் இருந்து இலவசமாக உள்ளன. இடத்தியலுக்கு ஹாட்சரின் நூலை அவரே தன் இணையப் பக்கத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார். ஃபோனில் வாசித்துக் கண் கெடுக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் நான் அச்சடித்தபோது பக்கத்துக்கு 10 ரூபா. முழுப் புத்தகமும் அடிக்காதீர்கள். முதல் மூன்று அத்தியாயம் அடித்து, பயிற்சிகளைச் செய்து முடித்த பிறகு அடுத்ததுக்குக் காசு செலவழியுங்கள். என் மேசைக்குக் கீழே ஒருநாளும் திறக்காத 400 பக்கம் இன்னும் கிடக்கிறது.

5. அட்சரகணிதத்தோடு சேரும் இடம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் இங்கே இன்னும் புதுமுகம்.

x² + y² = 1 என்ற வட்டத்தில் (−1, 0) இல் இருந்து t சரிவுள்ள கோடு போடுங்கள். அது வட்டத்தை மறுபடி வெட்டும் புள்ளி ((1−t²)/(1+t²), 2t/(1+t²)). t = 1/2 என்றால் (3/5, 4/5). அதாவது 3, 4, 5 முக்கோணம். ஒரு படத்தில் கோடு போட்டே எண்களைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லலாம். பிறகு x² + 1 = 0 ஐ எடுங்கள்; மெய்யெண்ணில் அதற்கு ஒரு புள்ளியும் இல்லை, ஆனாலும் அந்தச் சமன்பாடு சும்மா இல்லை. அதனால்தான் இந்தத் துறையில் புள்ளிகளை விட்டுவிட்டு, உருவத்தின் மேல் உள்ள சார்புகளின் கூட்டல் பெருக்கலைப் பார்க்கிறார்கள்.

பௌதிகம் இங்கேயும் வந்து நிற்கிறது. நான்கு பரிமாண வெளிக்குள் ஐந்தாம் படிச் சமன்பாடு ஒன்றால் வரும் ஒரு வகை உருவத்தில் பொதுவாக 2,875 நேர்கோடுகள், 609,250 கூம்பு வளைவுகள் இருக்கும். மூன்றாம் படி வளையிகள் எத்தனை? 1991இல் இழைக் கொள்கைக்காரர்கள் 317,206,375 என்றார்கள். கணினியில் கணித்த இரண்டு கணிதவியலாளர்களுக்கு வந்தது 2,682,549,425. பிழை கணினி நிரலில் இருந்தது. திருத்தியபோது பௌதிகர்களின் எண்ணே வந்தது. இந்தக் கதையை விண்ணப்பத்தில் எழுதாதீர்கள், எல்லாரும் எழுதுகிறார்கள். நீங்கள் கையால் செய்த ஒரு கணக்கை எழுதுங்கள்.

6. கடதாசி வேலை: பெயரில் தொடங்குங்கள்

விண்ணப்பம் ஆண்டுத் தொடக்கத்தில் மூடும் என்று வைத்தால், அதற்கு முந்தின ஆண்டு ஜூனில் இதைத் தொடங்குங்கள். நவம்பரில் தொடங்கினேன், மாட்டிக்கொண்டேன்.

அ) பிறப்புச் சான்றிதழ். 2009இல் இடம்பெயர்ந்தபோது பலருடையது தொலைந்தது, என்னுடையதும்தான். பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம், கட்டணம் சொற்பம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும். தெரியாவிட்டால் தேடுதலுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பழைய பள்ளிக்கூடப் பதிவு, குடும்ப அட்டை எதிலாவது அந்த இலக்கம் இருக்கும், வீட்டில் கேளுங்கள். ஒன்று இல்லை, மூன்று பிரதி எடுங்கள்.

ஆ) பெயர். இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய பொறி. நம் சான்றிதழ் தமிழில் இருக்கும். அடையாள அட்டையில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், உயர்தரப் பெறுபேற்றில் முதலெழுத்து மட்டும், பட்டச் சான்றிதழில் அப்பாவின் பெயரோடு முழுப்பெயர். என் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. ஒரு கடதாசியில் அதற்கு எல், இன்னொன்றில் இஸட்-எச். இரண்டு எழுத்துக்காக ஒரு வருடம். எல்லாக் கடதாசிகளையும் மேசையில் வரிசையாக வைத்து ஆங்கிலப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், முடிந்தவரை மூலத்தில் திருத்துங்கள். திருத்த முடியாததற்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி.

இ) கடவுச்சீட்டு. பெயர் தீர்ந்த பிறகுதான், முன்னால் இல்லை. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருப்பதால் கொழும்பு அலைச்சல் மிஞ்சும். நான் எடுத்தபோது சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000. படம் அனுமதி பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் கணினி வழியாக அனுப்பிவிட்டு ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள். நான் முதலில் போன ஒரு ஸ்டூடியோக்காரர் "பிறகு அனுப்புறன்" என்றார். அந்தப் பிறகு இரண்டு வாரம். படம் போய்ச் சேர்ந்ததை அங்கேயே நின்று உறுதிப்படுத்துங்கள். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை. பஸ் ஏறுமுன் திணைக்களத்தின் இணையப் பக்கத்தைப் பாருங்கள்.

ஈ) மொழிபெயர்ப்பு. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மட்டும். கடவுச்சீட்டைக் கையில் கொண்டுபோய், "இதில் உள்ள மாதிரியே பெயரை எழுதுங்கோ" என்று சொல்லிக் காட்டுங்கள். சொல்லாவிட்டால் அவர் தன் பழக்கப்படி எழுதுவார், பிறகு மூன்றாவதாக ஒரு எழுத்துக்கூட்டல் பிறக்கும். எனக்குப் பிறந்தது.

உ) பாடவாரியான புள்ளிச் சான்று (transcript). பல்கலைக்கழகத்தில் கேட்கும்போது, முத்திரையிட்டு மூடிய உறையில் இரண்டும், நீங்கள் ஸ்கேன் செய்ய ஒரு திறந்த பிரதியும் கேளுங்கள். பாடங்களின் குறியீடு மட்டும் இருந்தால் போதாது, உள்ளடக்கத்தை ஆங்கிலத்தில் ஒரு பக்கமாகத் தயார்செய்யுங்கள். அங்கே இருப்பவர்களுக்கு நம் குறியீடு தெரியாது. குறைந்தது ஆறு வாரம் ஒதுக்குங்கள். பரீட்சைக் காலம், வேலைநிறுத்தம் என்றால் இன்னும் கூட.

ஊ) அத்தாட்சிப்படுத்தல். இதை முதலில் செய்துவிட்டுக் காசைக் கரைத்தேன். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் சான்றிதழ்களை அத்தாட்சிப்படுத்தலாம், யாழ்ப்பாணத்திலும் பிராந்திய அலுவலகம் உண்டு. ஆனால் பெரும்பாலான இடங்களில் விண்ணப்பத்துக்கு வெறும் ஸ்கேன் போதும். தெரிவான பிறகு, எது வேண்டும் என்று அவர்கள் எழுதிக் கேட்டபின் போங்கள்.

7. எங்கே விண்ணப்பிப்பது?

நம் நிலைமைக்கு முதலில் பார்க்க வேண்டியது இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில் இருக்கும் சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிக மையம். வளரும் நாடுகளின் விஞ்ஞானிகளை நினைத்து பாகிஸ்தான் பௌதிகர் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கியது. அங்கே ஒரு வருட முதுநிலை டிப்ளோமா இருக்கிறது; கணிதம் ஒரு பிரிவு, உயர் ஆற்றல் பௌதிகம் இன்னொரு பிரிவு. படிப்புக் கட்டணம் இல்லை, வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் தருகிறார்கள். கிடைக்காவிட்டாலும் நட்டமில்லை: அந்த டிப்ளோமா வகுப்புகள் பல யூடியூப்பில் முழுதாக இருக்கின்றன. விண்ணப்பிக்குமுன்னே ஒரு பாடத்தை முழுவதும் பார்த்து, பயிற்சி செய்து, அதைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதலாம். நான் செய்தேன், நேர்முகத்தில் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

இந்தியாவுக்குப் போக விருப்பமென்றால் இந்திய உயர் ஸ்தானிகராலயம் வழியாக இலங்கை மாணவர்களுக்கு அறிவிக்கும் புலமைப்பரிசில்களைக் கவனியுங்கள். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் பேச்சுகளும் இணையத்தில் உண்டு. அங்கே என்ன துறைகள் நடக்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

ஆங்கிலப் பரீட்சை: எல்லா இடமும் கேட்பதில்லை, ஆங்கில மொழியில் படித்தேன் என்று பல்கலைக்கழகக் கடிதம் சில இடங்களில் போதும். ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதினால் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். ஆகவே படிப்பு முடியாமல் அவசரப்பட்டு எழுதாதீர்கள். என் முதல் பெறுபேறு, தேவைப்பட்ட நாளுக்கு மூன்று வாரம் முன்னால் காலாவதியானது.

8. பரிந்துரைக் கடிதமும் நேர்முகமும்

இரண்டு அல்லது மூன்று கடிதம் கேட்பார்கள். "நல்ல பிள்ளை, ஒழுங்காக வகுப்புக்கு வருவார்" என்ற கடிதத்தால் பிரயோசனம் இல்லை. விரிவுரையாளரிடம் இரண்டு மாதம் முன்னே போங்கள். வெறுங்கையோடு போகாமல் நீங்கள் செய்த கணக்குகளில் பத்துப் பக்கம் கொடுங்கள். என் விரிவுரையாளரிடம் தோடம்பழக் கணக்கையும் சரைக் கணக்கையும் சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். "சேர், ஒரு இடம் பிழை எண்டு நினைக்கிறன், பாத்துச் சொல்லுங்கோ" என்றேன். பிழை இருந்தது. அதை எப்படித் திருத்தினேன் என்பதைத்தான் அவர் கடிதத்தில் எழுதினார் என்று பிறகு சொன்னார்.

கடிதங்களை அவர்களே நேராக ஏற்ற வேண்டும். கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னும் மூன்று நாள் முன்னும் பணிவாக ஞாபகப்படுத்துங்கள். வெட்கப்பட்டால் வருடம் போகும்.

நேர்முகம் இணையத்தில். கரண்ட், சிக்னல் இரண்டையும் நம்ப முடியாது. முதல் நாளே இரண்டு வேறு நிறுவன சிம்மில் டேட்டா போட்டு, ஃபோனை முழுச் சார்ஜில் வைத்து, சிக்னல் நல்ல இடத்தில் போய் இருங்கள். நான் கிளிநொச்சியில் சிநேகிதி வீட்டில் இருந்து பேசினேன். கேள்விகள் எளிமையானவை போலவே இருக்கும்: இந்தத் தாயத்தின் ஐகன் மதிப்பு என்ன, இந்த மேற்பரப்பில் நேர்கோடு எது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஒரு சிறிய உதாரணத்தை எடுத்துச் செய்யத் தொடங்குங்கள். மௌனமாக இருப்பதுதான் மோசம்.

தெரிவானால் விசாவுக்குக் கொழும்புக்கு நேரே போக வேண்டும். மூலப் பிரதிகள் எல்லாம் அன்று கையில் இருக்கும், அதனால் இரவு பஸ்ஸில் ஃபைலை மேல் தட்டில் வைக்காதீர்கள். மடியில் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.